திறந்த அணுக்கம்: வாசிப்பவர் வாசலும் எழுதுபவர் வாசலும்

அம்பாறை மாவட்டத்தில் வேலை செய்யும் விவசாயப் போதனாசிரியர் ஒருவர், பெரும்போகத்தில் நெல்லைத் தாக்கும் அறக்கொட்டிப் பூச்சி எப்படிப் பெருகுகிறது என்ற ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு கிடைக்கிறது. பத்து வரிச் சுருக்கமும் கிடைக்கிறது. அதன் கீழே ஒரு பொத்தான் இருக்கிறது: முழுக் கட்டுரையும் வேண்டுமென்றால் 30 முதல் 40 டொலர். அந்த ஆய்வுக்கான நெற்கதிர்கள் நம் வயலில் இருந்தே எடுக்கப்பட்டிருந்தாலும் பொத்தான் மாறாது. 2022 இல் சில வாரங்களுக்குள் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, அந்தப் பொத்தானின் விலையும் கூடவே ஏறியது.

இந்தப் பொத்தானை அகற்றுவதற்கான முயற்சியின் பெயர்தான் திறந்த அணுக்கம். 2001 டிசம்பரில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் கூடிய ஆய்வாளர்களும் நூலகர்களும் 2002 பெப்ரவரி 14 அன்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுவதும் வழங்கும் வரையறை அதிலிருந்து வந்தது. அதில் இரண்டு பாதி உண்டு. ஒன்று, ஆய்வுக் கட்டுரையை எவரும் இணையத்தில் விலையின்றி வாசிக்கலாம். மற்றது, ஆசிரியரின் பெயரைச் சொல்லி அதைப் பிரதி எடுக்கலாம், பகிரலாம், பயன்படுத்தலாம். முதற்பாதியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தமிழருக்கு இரண்டாம் பாதி அதைவிட முக்கியமானது என்பது எங்கள் கருத்து. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில், பொத்தான் ஏன் வந்தது? ஆய்விதழ் என்ற வடிவம் 1665 இல் பாரிசிலும் இலண்டனிலும் பிறந்தது. இன்றைய நடைமுறையில் ஆய்வாளர் கட்டுரையை ஊதியமின்றிக் கொடுக்கிறார். துறை அறிந்த வேறு இருவரோ மூவரோ அதை வாசித்துக் குறை சொல்கிறார்கள். மதிப்பாய்வு எனப்படும் இந்த வேலைக்கும் பெரும்பாலும் ஊதியம் இல்லை. ஆய்வுச் செலவு அரசினுடையது அல்லது பல்கலைக்கழகத்தினுடையது. இவ்வளவுக்கும் பிறகு பதிப்புரிமை பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுக்கப்படுகிறது. பதிப்பகம் அந்த இதழை அதே பல்கலைக்கழகங்களின் நூலகங்களுக்கு ஆண்டுச் சந்தாவாக விற்கிறது. ஒரு கட்டுரைக்குப் பதிலாக இன்னொன்றை வாசிக்க முடியாது என்பதால், விலை ஏறினாலும் நூலகம் வேறு கடைக்குப் போக இயலாது. 2012 இல் உலகின் செல்வம் மிகுந்த பல்கலைக்கழகங்களில் ஒன்றான ஹார்வர்டே, ஆண்டுக்கு ஏறத்தாழ 37.5 இலட்சம் டொலர் சந்தாவைத் தாங்க முடியவில்லை என்று தன் ஆசிரியர்களுக்கு எழுதியது. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழக நூலகத்தின் நிலையை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். பதிப்புரிமை முடிந்துபோன நூல் வேறு, திறந்த அணுக்கக் கட்டுரை வேறு. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947 இல் மறைந்தார். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு வரை நீடிக்கும். ஆகவே 2018 முதல் அவருடைய எழுத்துகள் பொதுவுடைமை. எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. திறந்த அணுக்கக் கட்டுரையிலோ பதிப்புரிமை உயிரோடு இருக்கிறது. உரிமையாளர் முன்கூட்டியே எல்லோருக்கும் எழுத்தில் அனுமதி கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

நிறங்களின் பெயரில் வழிகள்

பொன் வழியில், இதழே தன் கட்டுரைகள் எல்லாவற்றையும் வெளியிடும் நாளிலேயே திறந்து வைக்கிறது. செலவை ஈடுகட்டப் பல இதழ்கள் எழுதியவரிடம் கட்டுரைக் கட்டணம் வாங்குகின்றன. 2006 இல் பிளொஸ் வன் என்ற இதழ் தொடங்கியபோது அது 1,250 டொலர். 2021 இல் நேச்சர் இதழ் ஒரு கட்டுரையைத் திறந்து வைக்கக் கேட்டது 9,500 யூரோ. வாசிப்பவர் வாசலில் இருந்த சுங்கச்சாவடி எழுதுபவர் வாசலுக்கு இடம் மாறியிருக்கிறது. கிழக்கிலங்கை ஆய்வாளருக்கு இது சிறிய மாற்றம் அல்ல: முன்பு உலகை வாசிக்க முடியவில்லை, இப்போது உலகம் வாசிக்கும்படி எழுத முடியவில்லை.

கலப்பு இதழ் என்பது சந்தாவும் வாங்கும், தனிக் கட்டுரையைத் திறக்கக் கட்டணமும் வாங்கும். வெண்கலம் என்பார்கள் சிலர்: பதிப்பகம் தன் விருப்பில் ஒரு கட்டுரையை இலவசமாக வைத்திருக்கும், உரிமம் எதுவும் எழுதப்பட்டிராது, நாளையே மூடிவிடலாம். இவற்றை நம்பித் திட்டமிட வேண்டாம்.

வைர வழியில் வாசிப்பவரிடமும் வாங்குவதில்லை, எழுதுபவரிடமும் வாங்குவதில்லை. பல்கலைக்கழகமோ கழகமோ அரசோ செலவை ஏற்கிறது. இலத்தீன் அமெரிக்காவில் பிரேசிலின் சைலோ என்ற இதழ்த் தளம் 1990களின் இறுதியிலிருந்து இப்படி இயங்குகிறது. நம் நாட்டில் தேசிய விஞ்ஞான மன்றத்தின் பொறுப்பில் உள்ள சிறீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளம் 2008 முதல் உள்நாட்டு ஆய்விதழ்களைத் திறந்து வைத்திருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய இதழான அக்ரிஈஸ்ட் அதில் உண்டு. அத்தளத்துக் கட்டுரைகளின் டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிரந்தர அடையாள எண்) 10.4038 என்று தொடங்கும். அங்குள்ள ஒவ்வோர் இதழின் கட்டண விதியும் வேறு, அனுப்பும் முன் அந்தந்த இதழின் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

பச்சை வழி, விளக்கமாக

கையில் பணமில்லாதவருக்கு மிகவும் பயன்படுவது பச்சை வழி. பலரும் பிழைவிடுவதும் இதில்தான். கட்டுரையைச் சந்தா இதழிலேயே வெளியிடலாம், ஆனால் அதன் ஒரு பிரதியை உங்கள் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்திலோ (கட்டுரைகளைச் சேமித்துத் திறந்து வைக்கும் இணையத்தளம்) துறைக் களஞ்சியத்திலோ திறந்து வைக்கிறீர்கள். 1991 இல் போல் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் இப்படித்தான் இயற்பியலாளரின் பொதுக் களஞ்சியமானது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகம் டிஸ்பேஸ் மென்பொருளில் ஒரு களஞ்சியத்தை நடத்துகிறது. நிறுவனம் எதிலும் சேராதவர் சேர்ன் ஆய்வுகூடம் நடத்தும் செனோடோ என்ற களஞ்சியத்தில் கட்டணமின்றி வைக்கலாம், டிஓஐ எண்ணும் அங்கேயே கிடைக்கும்.

எந்தப் பிரதியை வைப்பது என்பதுதான் கேள்வி. ஒரு கட்டுரைக்கு மூன்று பிறவி உண்டு. இதழுக்கு அனுப்பும் முன் இருப்பது முன்னச்சுப் பிரதி. மதிப்பாய்வாளர் சொன்ன திருத்தங்களை எல்லாம் செய்து, ஆசிரியர் குழு ‘ஏற்றோம்’ என்று சொன்ன கடைசி வேர்ட் கோப்பு ஏற்கப்பட்ட பிரதி. பதிப்பகம் தன் முத்திரையோடும் பக்க எண்ணோடும் அழகாகக் கோர்த்து வெளியிடுவது வெளியீட்டுப் பிரதி. பெரும்பாலான சந்தாப் பதிப்பகங்கள் முதலாவதை எப்போதும் அனுமதிக்கும். இரண்டாவதை 6 முதல் 24 மாதம் வரையான தடைக்காலத்துக்குப் பின் அனுமதிக்கும். மூன்றாவதை அனுமதிப்பது அரிது. ஆனால் கட்டுரை வெளிவந்த மகிழ்ச்சியில் ஆய்வாளர் ஏற்றிவிடுவது மூன்றாவதைத்தான்! சில மாதத்தில் பதிப்பகத்திடமிருந்து அகற்றும்படி கடிதம் வரும், களஞ்சியம் அதை மறைக்கும். அப்போது ஏற்கப்பட்ட பிரதியைத் தேடினால் அது பழைய மடிக்கணினியோடு போயிருக்கும்.

ஆகவே ‘ஏற்றோம்’ என்ற மின்னஞ்சல் வந்த அன்றே அந்தக் கோப்பை, ஏற்கப்பட்ட திகதியைப் பெயரில் சேர்த்து, இரண்டு இடத்தில் சேமியுங்கள். படங்களும் அட்டவணைகளும் தனிக் கோப்பாக இருந்தால் ஒன்றாகக் கோர்த்துவிடுங்கள். இதழின் விதியை ஷெர்பா ரோமியோ என்ற பெயரில் நெடுங்காலம் அறியப்பட்ட, பிரித்தானியாவின் ஜிஸ்க் நிறுவனம் நடத்தும் தேடுதளத்தில் ஐஎஸ்எஸ்என் எனப்படும், இதழின் எட்டு இலக்க அடையாள எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். தடைக்காலம் 12 மாதம் என்றால் இன்றே களஞ்சியத்தில் ஒப்படைக்கலாம். டிஸ்பேஸ் திறக்கும் திகதியைக் கேட்கும், அந்தத் திகதி வரும்வரை சுருக்கம் மட்டும் தெரியும். ஓர் ஆண்டு கழித்து நினைவு வைத்து ஏற்றுவோம் என்று விட்டவர்கள் ஏற்றியதில்லை.

பதிப்பக ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் வாசிக்க வேண்டிய வரி ஒன்றே ஒன்று: பதிப்புரிமையை மாற்றிக் கொடுக்கிறீர்களா, வெளியிடும் உரிமத்தை மட்டும் கொடுக்கிறீர்களா? முதலாவது என்றால் உங்கள் சொந்த வரைபடத்தை அடுத்த புத்தகத்தில் சேர்க்கவும் பதிப்பகத்திடம் அனுமதி கேட்க வேண்டி வரலாம்.

பணம் கேட்கும் நல்ல இதழில்தான் வெளியிட வேண்டும் என்றால், விலக்கு உண்டா என்று பாருங்கள். வருமானம் குறைந்த நாட்டு ஆய்வாளருக்குப் பல பதிப்பகங்கள் கட்டணத்தை முழுதாகவோ பாதியாகவோ விடுகின்றன. பலவும், வருமானம் குறைந்த நாடுகளுக்கு ஆய்விதழ்களை இலவசமாகவோ குறைந்த விலையிலோ தரும் ரிசேர்ச்4லைஃப் திட்டத்தின் நாட்டுப் பிரிவுகளை அடிப்படையாகக் கொள்கின்றன. பட்டியல் காலத்துக்குக் காலம் மாறும், அனுப்பும் நாளில் பார்க்க வேண்டும். இரண்டு இடத்தில் விண்ணப்பம் தவறிப்போகிறது. பல பதிப்பகங்கள் கட்டுரையை அனுப்பும்போதே விலக்கைக் கேட்கச் சொல்கின்றன, ஏற்கப்பட்ட பின் கேட்டால் மறுக்கின்றன. சில பதிப்பகங்கள் எல்லா ஆசிரியர்களும் தகுதியுள்ள நாட்டில் இருக்க வேண்டும் என்கின்றன. அவுஸ்திரேலியாவிலோ பிரித்தானியாவிலோ ஓர் இணை ஆசிரியர் இருந்தால் விலக்கு கிடைக்காது. அந்த நிலையில் அவருடைய பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். பல வெளிநாட்டு நூலகங்கள் சந்தாவையும் கட்டுரைக் கட்டணத்தையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டியிருக்கின்றன. தொடர்புக்குரிய ஆசிரியராக அவர் இருந்தால் செலவு அங்கே முடிந்துவிடும்.

மூடிய கட்டுரையை நேர்வழியில் பெறுவது

பொத்தானைக் கண்டதும் திரும்பிவிட வேண்டாம். கட்டுரையின் முழுத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டு கூகுள் ஸ்கொலரில் தேடுங்கள். வலப்பக்கத்தில் பிடிஎப் இணைப்பு இல்லாவிட்டாலும், கீழே எல்லாப் பதிப்புகளையும் காட்டும் சிறிய இணைப்பைத் திறந்தால் ஏதோ ஒரு களஞ்சியத்தில் பச்சைப் பிரதி கிடக்கும் வாய்ப்பு உண்டு. கணினி உலாவியில் அன்பேவோல் என்ற நீட்சியை நிறுவிக்கொண்டால் அது தானாகவே தேடும். சட்டபூர்வமான பிரதி இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு திறந்து தெரியும். மருத்துவம், தாதியியல் சார்ந்தவர்கள் பப்மெட் சென்ட்ரல் என்ற கட்டுரைக் களஞ்சியத்தைத் தவறவிடக் கூடாது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்களின் பணத்தில் நடக்கும் ஆய்வுகள் 2008 முதல் அங்கு கட்டாயமாக வைக்கப்படுகின்றன. முன்பு 12 மாதத் தடைக்காலம் இருந்தது, 2025 ஜூலை 1 முதல் அதுவும் இல்லை.

எதிலும் கிடைக்காவிட்டால் ஆசிரியருக்கே எழுதுங்கள். சுருக்கத்தின் பக்கத்திலேயே மின்னஞ்சல் முகவரி இருக்கும். கட்டுரைத் தலைப்பு, நீங்கள் யார், எதற்குத் தேவை: மூன்று வரி போதும். தன் கட்டுரையைத் தனிப்பட ஒருவருக்கு அனுப்பப் பெரும்பாலான ஆசிரியருக்கு உரிமை உண்டு, மகிழ்ந்து அனுப்புகிறார்கள். 2011 இல் அலெக்ஸாண்ட்ரா எல்பாக்கியன் தொடங்கிய, மூடிய கட்டுரைகளை இலவசமாகத் தரும் சை-ஹப் தளம் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அது திறந்த அணுக்கம் அன்று. அங்கு உள்ளவை உரிமையாளரின் அனுமதி இல்லாமல் வைக்கப்பட்டவை, அமெரிக்க நீதிமன்றங்கள் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்துள்ளன.

பக்கத்து நாட்டில் நடந்ததையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தியா 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 6,000 கோடி இந்திய ரூபா ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரச உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. சென்னை மாணவர் வாசிக்கும் அதே கட்டுரை மட்டக்களப்பு மாணவருக்கு மூடித்தான் இருக்கும். நாடு முழுவதுக்குமான சந்தா என்றாலும் சந்தா சந்தாதான். ஐரோப்பிய நிதியளிப்போர் 2018 இல் அறிவித்த பிளான் எஸ் அப்படியன்று. தங்கள் பணத்தில் நடந்த ஆய்வு உடனே எல்லோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்பது அதன் விதி, அந்தப் பயன் நமக்கும் வந்து சேர்கிறது.

பணம் பறிக்கும் இதழ்கள்

எழுதுபவர் பணம் கட்டும் முறை வந்ததும், மதிப்பாய்வே செய்யாமல் பணத்தை மட்டும் வாங்கும் இதழ்களும் வந்தன. 2013 இல் சயன்ஸ் இதழுக்காக ஜோன் பொஹானன் வேண்டுமென்றே பிழைகள் நிறைந்த ஒரு போலிக் கட்டுரையை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார், 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. பெயர்பெற்ற நிறுவனத்தின் பெயர் மட்டும் காவல் இல்லை: வைலி நிறுவனம் வாங்கிய ஹிந்தாவி இதழ்களில் 2023 ஆம் ஆண்டில் மட்டும் 8,000 க்கு மேற்பட்ட கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன.

மின்னஞ்சலில் உங்களை ‘புகழ்பெற்ற அறிஞரே’ என்று அழைத்து, ஒரு வாரத்தில் வெளியிடுவதாகச் சொல்லும் இதழை அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு பேர் ஒரு கட்டுரையை ஒழுங்காக வாசிக்கவே பல வாரம் வேண்டும். இதழின் பெயரை டிஓஏஜே என்ற திறந்த அணுக்க இதழ்களின் விவரக்கொத்தில் தேடுங்கள். 2003 இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அது, விண்ணப்பித்த இதழ்களைச் சோதித்தே சேர்க்கிறது. ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் இருக்கிறோம் என்று இதழ் சொன்னால், இதழின் பக்கத்தில் உள்ள படத்தை நம்பாமல் ஸ்கோபஸின் சொந்தப் பட்டியலில் ஐஎஸ்எஸ்என் கொடுத்துப் பாருங்கள். அந்த இதழில் வந்த இரண்டு பழைய கட்டுரைகளின் டிஓஐ எண்ணை டிஓஐ தளத்தில் இட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காத எண் வெறும் அலங்காரம். உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் திருடி வேறு தளம் நடத்துவதும் உண்டு, அதனால் தள முகவரியை ஐஎஸ்எஸ்என் பதிவேட்டில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

மாட்டிக்கொண்டால் வெளியேறுவது கடினம். அங்கே வெளிவந்துவிட்ட கட்டுரையை நல்ல இதழ் ஏற்காது, அது இரட்டை வெளியீடாகிவிடும். மீளப்பெறவும் பணம் கேட்பார்கள். பதிப்புரிமைப் படிவத்தில் கையொப்பமிடாத நிலையிலும் பணம் கட்டாத நிலையிலும் மீளப்பெறுகிறேன் என்று எழுத்தில் திகதியிட்டு அனுப்பி, அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமமும் தமிழும்

இரண்டாம் பாதிக்கு வருகிறோம். திறந்த கட்டுரையின் முதற்பக்கத்தில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். சிசி பை என்றால் ஆசிரியர் பெயரைச் சொன்னால் போதும், எதையும் செய்யலாம். அதனோடு எஸ்ஏ சேர்ந்தால் நீங்கள் மாற்றி வெளியிடுவதும் அதே உரிமத்தில் இருக்க வேண்டும். என்சி சேர்ந்தால் வணிகத்துக்கு ஆகாது: கல்முனையில் ஒரு தனியார் கல்வி நிலையம் அதை அச்சிட்டு இலாபத்துக்கு விற்கக் கூடாது. என்டி சேர்ந்தால் மாற்றிய வடிவத்தை வெளியிடக் கூடாது.

என்டியில்தான் தமிழுக்கு இடர். மொழிபெயர்ப்பும் சட்டத்தில் ஒரு மாற்றிய வடிவம். மட்டக்களப்பு வாவியின் நீர்த்தரம் பற்றிய ஆங்கிலக் கட்டுரை சிசி பை உரிமத்தில் இருந்தால், அதைத் தமிழாக்கி மீனவர் சங்கத்துக்கு அச்சிட்டுக் கொடுக்க எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதே கட்டுரை என்டி உரிமத்தில் இருந்தால், இலவசமாக வாசிக்கலாம், தமிழில் வெளியிட அனுமதி வாங்க வேண்டும். இந்த மண்ணைப் பற்றி எழுதுகிறவர்கள் உரிமம் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் என்டியைத் தொடாமல் விட வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்கிறோம். மொழிபெயர்ப்பவர் செய்ய வேண்டியவை: மூல ஆசிரியர் பெயர், மூலத்தின் இணைப்பு, உரிமத்தின் பெயரும் இணைப்பும், இது மொழிபெயர்ப்பு என்ற குறிப்பு. தமிழ் விக்கிப்பீடியாவில் படம் சேர்க்க விரும்பினால் சிசி பை, சிசி பை எஸ்ஏ இரண்டும் செல்லும். என்சி, என்டி செல்லா.

திறந்தும் மறைந்திருக்கும் தமிழ்க் கட்டுரைகள்

தமிழில் எழுதப்பட்டவற்றுக்கு இன்னொரு பூட்டு இருக்கிறது, அது எழுத்துரு. 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கித் திறந்து வைத்திருப்பதால் ஏராளம் காக்கப்பட்டுள்ளது. ஆனால் நம் பீடங்களின் தமிழ்க் கட்டுரைகள் நெடுங்காலம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவது கணினிக்குள் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் கிடக்கிறது. அப்படியே பிடிஎப் ஆக்கிக் களஞ்சியத்தில் ஏற்றினால் கண்ணுக்குத் தெரியும், தேடுபொறிக்குத் தெரியாது.

யூனிக்கோட்டுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் கட்டணமின்றி உண்டு. முழுக் கோப்பையும் ஒரேயடியாக மாற்றினால் இடையிலுள்ள ஆங்கிலப் பெயர்களும் உயிரியற் பெயர்களும் தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடும். பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் பிரித்து மாற்றுங்கள். கொம்பு, கால் சேரும் எழுத்துகளை மாற்றியபின் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். அச்சுப் பிரதி மட்டுமே இருந்தால் 300 டிபிஐ அளவில் வருடி, தமிழ் அறியும் எழுத்துணரியில் கொடுக்கலாம், கூகுள் டொக்ஸ், டெசரக்ட் இரண்டும் தமிழ் அறியும். கோப்பு 5 எம்பிக்குள் இருக்கட்டும், அதைவிடப் பெரியதைக் கூகுள் ஸ்கொலர் தன் வழிகாட்டலின்படி சேர்ப்பதில்லை. களஞ்சியப் படிவத்தில் தலைப்பையும் சுருக்கத்தையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நிரப்புங்கள். ஆசிரியர் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டு கட்டுரைக்குக் கட்டுரை மாறுவது நம்மிடம் வழக்கம், ஆய்வாளருக்கான 16 இலக்க அடையாள எண்ணான ஓர்சிட் எண் ஒன்றைப் பெற்று எல்லாவற்றிலும் சேர்த்தால் அவை ஒருவரின் பெயரில் திரளும்.

ஏற்றும் முன் ஒரு சோதனை: பிடிஎப் கோப்பின் நடுவிலிருந்து ஒரு வரியைப் பிரதி எடுத்து வெற்றுக் கோப்பொன்றில் ஒட்டுங்கள். அதே தமிழ் வரி வந்தால் ஏற்றலாம். வேறு ஏதாவது வந்தால் வேர்ட் கோப்புக்குத் திரும்பி, எழுத்துருவை மாற்றி, அச்சிடும் வழியாக அல்லாமல் நேரடியாகப் பிடிஎப் ஆகச் சேமித்து மறுபடி சோதியுங்கள்.